சிவப்புப் பேனையால் நான் திருத்திய பயம்

முப்பத்துநான்கு வயதில் ‘ஓய்வுபெற்றவர்’ என்று எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரியாவிடை வைத்தார்கள், மாலை போட்டார்கள், சுவர் மணிக்கூடும் தந்தார்கள். மணிக்கூடு தந்தால் அது ஓய்வுதான். மனநலப் பிரிவொன்றில் எட்டு வருடம் உளவளத்துணையாளராக இருந்துவிட்டு, மகளுக்குப் பத்து மாதமானபோது வேலையை விட்டேன். விட்டது சரியா என்று தினமும் காலையில் யோசிக்கிறேன். விடாமல் இருந்திருந்தால் அதையும் இதே நேரத்துக்கு யோசித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

போன கிழமை, எனக்குப் பிறகு சேர்ந்த தர்சிகா கோல் எடுத்தாள்.

“அக்கா, இப்ப கொப்பி பென்சில் இல்லை, எல்லாம் அந்தத் தொடுதிரை ரப்பிலைதான். ஆக்கள் தங்கடை பயத்துக்கு ஒரு நம்பர் சொல்லுவினம். நாங்கள் அமத்தினால் அது தானாக் கோடு கீறும். கோடு இறங்கினால் பச்சை, ஏறினால் சிவப்பு. புதுசா வந்திருக்கிற பிள்ளையளுக்கு நீங்கள் ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தரவேணும்.”

“கோடு என்ன நிறத்திலை வருது?”

“அநேகமாப் பச்சைதான் அக்கா.”

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எழுதச் சம்மதித்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உயர்தரத்தில் மெடிசினுக்கு எட்டு மார்க்ஸ் காணாமல் போனது. அம்மா ஒரு மாதம் துக்கம் காத்தார். பிறகு பட்டம், அதற்குப் பிறகு டிப்ளோமா. எல்லாவற்றிலும் நல்ல புள்ளி. கண்களைப் பார்த்துக் கதைப்பது எப்படி, எப்போது தலையாட்டுவது, அழுகிறவருக்குக் கண் துடைக்க ரிசுப் பெட்டியை எந்த நேரத்தில் நகர்த்துவது என்றெல்லாம் படித்தோம். தலையாட்டுவதில் எனக்குத்தான் வகுப்பில் முதலிடம். அதுதான் பின்னால் வினையாக முடிந்தது.

எங்கள் டொக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். வாட்டுக்குள்ளேயே பாத்ரூம் செருப்போடுதான் திரிவார். அவருடைய அறையில் ஒரே ஒரு சுழல் கதிரை. அதில் நோயாளரை இருத்திவிட்டு, தான் சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருப்பார். வயதான ஆட்கள் முதலில் கூச்சப்படுவார்கள். பிறகு மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிப் பார்ப்பார்கள். “பாதி வருத்தம் உந்தச் சுத்திலையே போயிடும், மிச்சத்துக்குத்தான் நாங்கள்” என்பார். ஒவ்வொரு வெள்ளியும் நாங்கள் எங்களுடைய ஆட்களைப் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டும். கடலை கொறித்துக்கொண்டே கேட்பார். முடிவில் மூன்று கேள்விகள், எப்போதும் அதே மூன்று: “என்ன நடந்தது? நீர் என்ன செய்தனீர்? ஏன்?” முதல் இரண்டுக்கும் நான் குறிப்புக் கொப்பி பார்த்து அழகாகப் பதில் சொல்வேன். மூன்றாவதுக்குக் கொப்பியைப் புரட்டிக்கொண்டே இருப்பேன்.

இனி யோகண்ணையின் கதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். வல்வெட்டித்துறையில் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. என் ஸ்கூட்டி எந்தப் படலைக்கு முன் நின்றது என்று அந்த ஊருக்குத் தெரியும். இதை எழுதலாமா என்று கேட்டபோது அவரும் அதைத்தான் சொன்னார்: “எழுதுங்கோ மிஸ். ஊர் சொல்லுறதை விட நீங்கள் கொஞ்சம் திறமாச் சொல்லுவியள்.”

யோகண்ணைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கடற்தொழில். மனைவி வதனியக்காவின் ஊர் உடுப்பிட்டி. ஒரே மகள் அபிரா, பத்து வயது. கடலில் அவர் பயந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அவருக்குப் பயம் பட்டத்தில்.

வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் பக்கம் வானம் முழுக்கப் பட்டம்தான். பெரிய பட்டங்களின் தலையில் விண் பூட்டுவார்கள்: வளைத்த மூங்கில் வில்லில் ஒரு நாடாவை இழுத்துக் கட்டியிருக்கும். காற்றுப் பட்டால் அது ‘ங்ங்ங்’ என்று உறுமும். பட்டம் விடுகிறவனுக்கு அது சங்கீதம். போரின் கடைசிக் காலத்தில் யோகண்ணை மாதிரி வன்னியில் பங்கருக்குள் இருந்தவர்களுக்கு அது வேறு ஒன்று. தலைக்கு மேல் சுற்றி வேவு பார்த்த ஆளில்லா விமானத்துக்கு அங்கே ‘வண்டு’ என்றுதான் பெயர். வண்டு வந்தால் பின்னால் செல் வந்து வெடிக்கும்.

முந்திய வருடப் பட்டக் காலத்தில் யோகண்ணை மீன் வெட்டுகிற கத்தியோடு போய், பக்கத்துக் காணியில் கட்டியிருந்த பட்டங்களின் கயிறுகளை அறுத்துவிட்டார். ஒன்றல்ல, மூன்று. மூன்றாவது, போட்டிக்கு என்று இரண்டு மாதம் இருந்து கட்டிய எட்டுமூலைப் பட்டம். அது பனைகளுக்குள் போய் விழுந்து கிழிந்தது. பொலிசில் முறைப்பாடு விழுந்தது. அதற்குப் பிறகு, அடுத்த பட்டக் காலம் தொடங்க முதல், வதனியக்கா அவரையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

“தங்கச்சி, பட்டம் தொடங்கினால் நான் பிள்ளையையும் கொண்டு உடுப்பிட்டிக்குப் போயிடுவன். பொங்கல் முடியத்தான் வாறது. ஒவ்வொரு வருசமும் உதே கூத்து. இந்த முறை ஒரு முடிவு வேணும். இல்லாட்டில் பொங்கல் முடிய அபிராவின்ரை விடுகைப் பத்திரத்தை எடுத்து அங்கையே பள்ளிக்கூடம் சேர்ப்பன். பேந்து திரும்பி வரமாட்டன்.”

யோகண்ணை பக்கத்தில் இருந்து சுழல் கதிரையின் பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “அவ சொல்லுறது சரிதான் மிஸ்” என்றார். அவ்வளவுதான்.

எங்கள் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயம் தருகிற விஷயங்களை ஏணிப்படி மாதிரி அடுக்குவோம். யோகண்ணையின் ஏணி இது: பட்டத்தின் படம், கடதாசி ஒட்டாத வெறும் பட்டம், போனில் பதிந்த விண் சத்தம் மெல்லியதாக, அதே சத்தம் பலமாக, தூரத்தில் பறக்கும் பட்டம், கடைசியில் கையில் கயிறு. ஒவ்வொரு படியிலும் தப்பி ஓடாமல் நிற்க வேண்டும். முக்கால் மணித்தியாலமாவது. நின்றால் பயம் ஏறி, ஓரிடத்தில் களைத்து, தானாக இறங்கும் என்பது கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பயத்துக்கு ஓர் எண் கேட்போம். பூச்சியம் என்றால் பயமே இல்லை, நூறு என்றால் தாங்கவே முடியாது. நான் அவர்கள் வீட்டுக்குப் போகாத நாட்களிலும் தாங்களே செய்து கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். வதனியக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

கொப்பி ஒழுங்காக வந்தது. மட்டை போட்டு, பெயர் எழுதி, மார்ஜின் கீறி. முதல் கிழமையில் எண்பது, எழுபத்தைந்து, எழுபது. அடுத்த கிழமையில் ஐம்பதைத் தாண்டிக் கீழே. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கைப்பையில் சிவப்புப் பேனை கிடந்தது. அது ஏன் கிடந்தது என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் மாணவத் தலைவியாக இருந்த யாரிடமும் அது கிடக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் சரி போட்டேன். நாற்பதுக்கு ‘நன்று’. முப்பதுக்கு ‘மிக நன்று’. இருபத்தைந்து வந்த நாளில் ஒரு நட்சத்திரம் கீறினேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

வெள்ளிக்கிழமை டொக்டரிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அன்றைக்கு அவருக்கு அவசர வேலை. “நல்லம், கொப்பியை அடுத்த கிழமை பாப்பம்” என்று எழும்பிவிட்டார். நான் காத்திருக்கவில்லை. அன்று பின்னேரமே வதனியக்காவுக்குக் கோல் எடுத்தேன்.

“அக்கா, இந்த முறை நீங்கள் உடுப்பிட்டிக்குப் போகத் தேவையில்லை. வீட்டிலையே நில்லுங்கோ. அவருக்கு நல்ல முன்னேற்றம்.”

“உண்மையாவோ தங்கச்சி?”

“கொப்பியிலையே இருக்குத்தானே அக்கா.”

“அப்ப... நிக்கிறம் தங்கச்சி” என்று வதனியக்கா இழுத்தார். அந்த இழுவையை நான் நன்றியுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை நல்ல காற்று. பின்னேரம் மூன்று மணியளவில் பக்கத்துக் காணியில் ஒரு பெரிய பட்டம் ஏறியது. யோகண்ணை முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். சத்தம் இருக்கும்வரை இருந்திருக்கிறார். காற்று விழுந்து விண் ஓய்ந்ததும் பாய்ந்து அபிராவைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்த் தாங்கி வைத்த சீமெந்துக் கட்டுக்குக் கீழே புகுந்துவிட்டார். பிள்ளை கத்த, வாயைப் பொத்தியிருக்கிறார். அரை மணித்தியாலம். பிள்ளை அவருடைய கையைக் கடித்து இரத்தம் வந்த பிறகுதான் விட்டார். அபிராவின் முழங்கை உரஞ்சுப்பட்டுத் தோல் போயிருந்தது.

கடைசி பஸ்ஸில் வதனியக்கா பிள்ளையோடு ஏறிவிட்டார். பஸ்ஸுக்குள் இருந்தே எனக்குக் கோல்.

“தங்கச்சி, உங்கடை கொப்பியிலை அவர் பாஸ். வாழ்த்துக்கள்.”

திங்கட்கிழமை காலையிலேயே டொக்டர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். கடலை இல்லை. நான்கு பக்கம் புரட்டினார்.

“உதை ஆர் திருத்தினது?”

“நான்தான் டொக்டர்.”

“நட்சத்திரமும் நீரோ?”

“ஓம் டொக்டர்.”

“எங்கடை எழுநூற்றைம்பது பஸ்ஸே நேரத்துக்கு வாறேல்லை. உவற்றை பயம் மட்டும் ஒவ்வொரு நாளும் அஞ்சஞ்சா இறங்கியிருக்கு. எல்லா நாளும் ஒரே மை, ஒரே எழுத்து. உமக்கு ஒண்டும் தோணேல்லையோ?”

குனிந்து பார்த்தேன். ஒரே மைதான்.

“உவர் வருத்தம் மாறினவரில்லை, சோதினை எழுதினவர். நீர் பேப்பர் திருத்தினனீர். போய் அவரிட்டை மன்னிப்புக் கேட்டுப்போட்டுத் திரும்பத் தொடங்கும். பொங்கலுக்கு இன்னும் அஞ்சு கிழமை கிடக்கு. சிவப்புப் பேனையை இஞ்சை தந்திட்டுப் போம்.”

உண்மையாகவே கையை நீட்டினார். கொடுத்தேன்.

யோகண்ணை கடற்கரையில் வள்ளத்தின் நிழலில் இருந்தார். இடது கையில் பிளாஸ்டர். நான் மன்னிப்புக் கேட்டதும் அவருக்கு என்னைவிடக் கூச்சமாகிவிட்டது.

“மிஸ், பிழை உங்களிலை இல்லை. முதல் நாள் எண்பது சொன்னன், அது உண்மை. உங்கடை முகம் சுருங்கிப் போச்சு. அடுத்த முறை எழுபத்தைஞ்சு எண்டன். ‘வெரி குட் அண்ணை’ எண்டு சரி போட்டியள். எட்டாம் வகுப்போடை படிப்பை விட்டவன் நான். படிக்கிற காலத்திலும் ஒருத்தரும் எனக்குச் சரி போட்டதில்லை.” கொஞ்சம் சிரித்தார். “பேந்து நானும் வதனியும் இருந்து யோசிச்சம். நீங்கள் வெயிலுக்கை உவ்வளவு தூரம் ஸ்கூட்டியிலை வாறியள், மனம் நோகக்கூடாதெண்டு அவதான் அஞ்சஞ்சாக் குறைச்சு எழுதினவ. பேந்து நீங்கள் நில்லுங்கோ எண்டதும், படிச்ச ஆளுக்கு எங்களுக்குத் தெரியாதது தெரிஞ்சிருக்குமெண்டு நம்பி நிண்டிட்டா. நட்சத்திரம் வந்த அண்டைக்கு வீட்டிலை பாயாசம்.”

பாயாசம் என்றதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினேன்.

இரண்டாவது முறை வேறு மாதிரி. வதனியக்கா இல்லாத வீட்டுக்கு நான் தனியே போனால் ஊர் அதற்கும் ஒரு ஏணி வைத்துவிடும். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் யோகண்ணையே டொக்டரின் அறைக்கு வந்தார். கதவு பாதி திறந்திருக்கும். விறாந்தையில் தாதி அக்கா இருப்பார். டொக்டர் எனக்கு இரண்டு கட்டளை போட்டார். “எண் என்ன சொன்னாலும் உம்மடை முகம் தபால் கந்தோர் மாதிரி இருக்கவேணும்” என்பது ஒன்று. மற்றது, “அவர் என்னத்தைச் சொன்னாலும் ‘உங்கடை பிழை இல்லை’ எண்டு சொல்லப்படாது. நீர் சொன்னால் அது உம்மடை வசனம். அவருக்கு அது தேவையெண்டால் அவரே கண்டுபிடிக்கட்டும்.”

இந்த முறை பட்டத்தை விட்டுவிட்டு வன்னியில் இருந்து தொடங்கினோம். கண்ணை மூடி, அங்கே தன்னால் மறக்க முடியாத நாளை இப்போது நடக்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். என்ன தெரிகிறது, என்ன மணக்கிறது, கையில் என்ன இருக்கிறது. முடிந்தால் திரும்ப முதலில் இருந்து. அதைப் பதிந்து கொடுப்போம். தினமும் ஒருமுறை வீட்டில் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சித்திரவதை மாதிரி இருக்கும், அரைவாசி உண்மையும்கூட. ஆனால் ஒரே கதையைப் பத்துத் தரம் சொல்லும்போது, முதல் மூன்று தரமும் சொல்லாமல் தாண்டிப் போன இடம் நாலாம் தரத்தில் காலைத் தட்டும்.

யோகண்ணைக்கு நாலாம் தரத்தில் தட்டியது.

“வண்டு சுத்துது. பங்கருக்கை ஏழு பேர் இருக்கிறம். எனக்குக் காது நல்லம், நான்தான் கேட்டுச் சொல்லுறனான். இப்ப சத்தம் நிண்டிட்டுது. நான் எண்ணுறன். நூறு வரைக்கும் எண்ணுறன். நூறு வந்திட்டுது. ‘வண்டு போயிட்டுது, வெளியிலை வாங்கோ’ எண்டு சொல்லுறன்.” நிறுத்தினார். கதிரை மெல்ல அந்தப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தது. “என்ரை அக்கா அடுப்பிலை சோறு வைச்சவ. அவதான் முதல் ஏறினவ. ஏற, செல் விழுந்தது.”

என் தொண்டை வரைக்கும் அந்த வசனம் வந்துவிட்டது. உங்கள் பிழை இல்லை, உங்கள் பிழை இல்லை. பல்லைக் கடித்தேன்.

“எத்தினை, அண்ணை?”

“நூறு.”

எழுதினேன். பென்சிலால். பிறகு கேட்டேன்: “வேறை ஆரும் எண்ணினவையோ?”

“இல்லை. நான்தான்.”

“இப்ப?”

கதிரையை மெல்ல என் பக்கம் திருப்பினார். “இண்டைக்கும் எண்ணுறன் மிஸ். விண் ஓய்ஞ்சால் எண்ணுறன். நூறு வந்தாப் பிறகும் நம்பேலாமல் இருக்கு. அதுதான் கயிறை அறுத்தனான். அறுத்தால் எப்ப நிக்குமெண்டு எனக்குத் தெரியும்.”

இங்கேதான் எனக்கு உறைத்தது. முதல் முறை முழுக்க நான் அவருக்குச் சத்தத்தைப் போட்டுக்காட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய பயம் சத்தத்தில் இருக்கவில்லை. சத்தம் நின்றதற்குப் பிறகு வருகிற அமைதியில் இருந்தது. ஒவ்வொரு முறையும் முக்கால் மணித்தியாலம் முடிந்து நான் போனை நிறுத்திவிட்டு, “சரி அண்ணை, முடிஞ்சுது” என்று சிரித்தபோதுதான் அவருக்குத் தொடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் நான் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

வெள்ளியன்று டொக்டரிடம் சொன்னேன். கடலையை வைத்துவிட்டுக் கேட்டார். மூன்றாவது கேள்வியை அன்றைக்கு அவர் கேட்கவில்லை. “அப்ப ஏணியைத் திருப்பி வையும்” என்றார்.

திருப்பி வைத்தோம். சத்தம் இரண்டு நிமிடம்; அமைதி முக்கால் மணித்தியாலம். அந்த அமைதியில் எண்ணக்கூடாது, தேவாரம் முணுமுணுக்கக்கூடாது, பிள்ளை எங்கே என்று தேடக்கூடாது. சும்மா இருக்க வேண்டும். யோகண்ணை வியர்த்து ஊற்றினார். ஒருநாள் சத்தி எடுத்தார். ஒருநாள் என்னைத் தூஷணத்தால் பேசிவிட்டு, கதவடியில் இருந்த தாதி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். எண்கள் எண்பது, தொண்ணூறு, எண்பத்தைந்து, தொண்ணூற்றைந்து என்று ஏறி இறங்கின. தர்சிகாவின் ரப்பில் போட்டிருந்தால் அது சிவப்பில் கத்தியிருக்கும். மூன்றாம் கிழமையில் ஒருநாள், அமைதி தொடங்கி இருபது நிமிடத்தில் எழுபது என்றார். நான் தபால் கந்தோராக இருந்தேன். பிறகு ஐம்பது. பிறகு, “மிஸ், உங்கடை ஃபானிலை ஒரு பிளேட் வளைஞ்சு கிடக்கு, அண்ணாந்து பாருங்கோ” என்றார். அந்த அறைக்கு இவ்வளவு நாளும் வந்தவர் மின்விசிறியைக் கண்டது அன்றைக்குத்தான்.

பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம், கடைசிப் படி. கடற்கரையோரத்து வெளி. யோகண்ணையின் மச்சான் ஒரு கொக்குப் பட்டம் கொண்டு வந்திருந்தார், விண்ணோடு. வதனியக்காவும் அபிராவும் உடுப்பிட்டியில் இருந்து வந்திருந்தார்கள். வதனியக்கா வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்: “பாத்திட்டுப் போகத்தான் வந்தனாங்கள். அஞ்சரைக்கு பஸ்.” அபிரா தாயின் பின்னால் நின்றாள். முழங்கைக் காயம் காய்ந்து கறுத்திருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு முறை நான் பிழைவிட்டால் அந்தப் பிள்ளை தகப்பனின் கைக்கெட்டுகிற தூரத்துக்கு இனி வராது.

பட்டம் ஏறியது. விண் பிடித்தது. கயிறு யோகண்ணையின் கையில். பத்து நிமிடம். பதினைந்து. “தொண்ணூறு மிஸ்” என்றார் நான் கேட்காமலே. கயிற்றை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றினார். பிறகு காற்று ஒருதரம் விழுந்தது. கொக்கு சாய்ந்தது. விண் நின்றுவிட்டது.

வதனியக்கா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

யோகண்ணையின் உதடு அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. அவருடைய முகம் வேர்வையில் மினுங்கியது. திரும்பி மகளைப் பார்த்தார்.

“அபிரா, அப்பாவுக்கு இப்பச் சரியான பயமா இருக்கு” என்றார். “ஆனால் நான் ஓடேல்லை. நீயும் உதிலையே நில்லு, கிட்ட வரவேண்டாம்.”

அபிரா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தன் பாட்டில் குந்தி மணலில் ஏதோ கீறத் தொடங்கினாள். பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம்தான் பயந்துகொண்டு நிற்க முடியும்? காற்றுத் திரும்பியது, விண் திரும்ப உறுமியது, திரும்ப நின்றது. ஐந்தேகாலுக்கு அவர் எழுபது என்றார். பட்டம் வேலியில் சிக்கப் பார்த்ததற்கு மச்சானைப் பேசினார், மச்சான் திருப்பிப் பேசினார்.

யோகண்ணை முழுதாக மாறிவிட்டார் என்று எழுதினால் நான் மறுபடியும் நட்சத்திரம் கீறுகிறேன் என்று அர்த்தம். இப்போதும் மாதத்தில் ஒருமுறை வந்து சுழல் கதிரையில் இருந்துவிட்டுப் போகிறார் என்று தர்சிகா சொல்கிறாள். சில நாட்கள் மோசம்.

ஆனால் அன்றைக்கு ஐந்தரை பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனபோது வதனியக்கா எழும்பவில்லை. போனை எடுத்துத் தாயுடன் கதைத்தார்.

“அம்மா, இண்டைக்கு நாங்கள் இஞ்சை நிக்கிறம். ஓம், அவர் நிக்கிறார். ஓம், பட்டமும் நிக்குது. பள்ளிக்கூட அலுவலோ? அதிபரிட்டை இப்ப ஒண்டும் கதைக்க வேண்டாம். இல்லையம்மா, அபிராவை அங்கை சேர்க்கமாட்டன் எண்டு சொல்லேல்லை. காற்றுக் காலம் முடியட்டும், பேந்து பாப்பம்.”